ஆலோசகர் ஆக ஆசையா? பணம் கட்டும் முன் நான்கு கேள்விகள்

"அண்ணா, எம்.எஸ்சி. உளவியல் தொலைநிலையில சேரலாம்னு இருக்கேன். முதல் தவணையா 18 ஆயிரம் கேக்கறாங்க. கட்டிடட்டுங்களா?"

பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்திலிருந்து ஒரு தங்கை போனில் கேட்டார். அரசுக் கல்லூரியில் பி.ஏ. முடித்தவர். தருமபுரி டவுனில் துணிக்கடை வேலை. அப்பா பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போகிறார். "எங்க காலனியில என்கூட பத்தாவது படிச்ச புள்ளைக்கு அப்பவே கல்யாணம் பண்ணி வெச்சிட்டாங்க. அது யார்கிட்ட போய் பேசும்? அதுக்காகத்தான் இந்தப் படிப்பு" என்றார்.

"வேண்டாம், கட்டாதம்மா" என்றேன். காரணத்தை அவருக்கு மட்டும் சொன்னால் போதாது. இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள்.

உளவியலும் உளவியல் ஆலோசனையும் இன்று நம் பிள்ளைகளுக்குப் பிடித்த படிப்புகள். அதற்குக் காரணம் உண்டு. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயின. எரிந்த வீட்டுக்கும் போன நகைக்கும் கணக்கெடுக்கலாம். அந்த இரவைப் பார்த்த குழந்தையின் பயத்துக்கு எந்தக் கணக்கு? பள்ளியில், விடுதியில், வேலையிடத்தில் சாதி பேரைச் சொல்லி அவமானப்படுத்தினால், அதை மனம் விட்டுச் சொல்ல நம்மைப் புரிந்த ஒருவர் எதிரே உட்கார வேண்டும். ஆலோசகர் நாற்காலியில் நம் பிள்ளைகளும் இருக்க வேண்டும் என்பது நியாயமான ஆசை.

மூடிய கதவு

ஆனால் 2025 ஆகஸ்ட்டில் பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் உளவியல் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகமும் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக்கூடாது. புதிய மாணவர்களைச் சேர்க்கவும் கூடாது. நுண்ணுயிரியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து, உயிரித்தொழில்நுட்பம் ஆகியவற்றுக்கும் இதே தடை. 2021-இல் வந்த துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை ஒட்டி எடுத்த முடிவு இது.

முடிவில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. புத்தகம் தபாலில் வரும், தேர்வு எழுதலாம். ஆனால் அழுகிற ஒருவர் முன் எப்படி உட்காருவது, எப்போது பேசாமல் இருப்பது, எப்போது மருத்துவரிடம் அனுப்புவது என்பதையெல்லாம் மூத்தவர் ஒருவர் அருகிலிருந்து திருத்தினால்தான் கற்க முடியும்.

ஆனால் இந்த முடிவின் சுமை யார் தலையில் விழுகிறது? வேலையை விட்டுவிட்டுச் சேலத்திலோ சென்னையிலோ இரண்டு வருடம் தங்கிப் படிக்க வசதி உள்ளவர்களுக்குப் பாதிப்பில்லை. கடை வேலையையும் விட முடியாமல், வீட்டில் வெளியூர் அனுப்பவும் மாட்டார்கள் என்ற நிலையிலுள்ள நம் பெண் பிள்ளைகளுக்குத்தான் வழி அடைபடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவில் கடைசியாக நின்றது தருமபுரி மாவட்டம், 68.5 சதவீதம். இங்கே முதல் பட்டதாரியாக வந்தவர் பணத்தையும் இரண்டு வருடத்தையும் ஏமாந்து தொலைத்தால் மறுபடி எழுவது கடினம்.

எந்த வேலை? அதற்கு எந்தப் படிப்பு?

படிப்பைப் பார்த்து வேலையைத் தேடாதீர்கள். வேலையை முடிவு செய்துவிட்டு அதற்கான படிப்பைத் தேடுங்கள்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் 'ஆற்றுப்படுத்துநர்' பணியிடம் உண்டு. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டப்படி, சமூகப்பணி, சமூகவியல், உளவியல் போன்ற பாடத்தில் இளங்கலைப் பட்டம் இருந்தாலே இதற்குத் தகுதி. ஒரு வருட அனுபவமும் கேட்பார்கள். பி.ஏ. சமூகவியல் முடித்துவிட்டு, எம்.எஸ்சி. இல்லையே என்று ஒதுங்கி நிற்பவர்கள் கவனிக்கவும்.

அரசு மருத்துவமனைகளில் உள்ள எச்.ஐ.வி. 'நம்பிக்கை மையம்' ஆலோசகர் பணிக்கு உளவியலோடு சமூகப்பணி, சமூகவியல் முதுகலைப் பட்டங்களையும் ஏற்கிறார்கள். யூஜிசி தடைப் பட்டியலில் சமூகவியல் இல்லை. எம்.ஏ. சமூகவியலைத் தொலைநிலையில் படிக்க இக்னோ போன்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. வேலையை விட முடியாதவர்களுக்கு இது ஒரு நேர்மையான மாற்று வழி.

'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போர்டு மாட்ட வேண்டுமானால் நேரடிப் படிப்புதான் வழி. இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பும் அதில் பதிவும் தேவை. 'ஆறு மாத டிப்ளமோ முடித்தால் கிளினிக் தொடங்கலாம்' என்று நோட்டீஸ் அடிப்பவர்களை நம்ப வேண்டாம்.

சபையில், ஜெபக்கூட்டத்தில் ஆலோசனை சொல்லும் பொறுப்புக்கு வர நினைக்கும் கிறித்தவப் பிள்ளைகளுக்குத் தனி வழி இருக்கிறது. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி போன்றவை செராம்பூர் பட்டங்களுக்குப் படிப்பு நடத்துகின்றன. மேய்ப்புப்பணி ஆலோசனை அங்கே ஒரு பாடம். 1918-ஆம் ஆண்டு சட்டத்தின்படி செராம்பூர் வழங்கும் பட்டம் இறையியல் பட்டம். சபைப் பணிக்கு அது பொருந்தும். அரசு ஆலோசகர் பணிக்கு உளவியல் பட்டத்துக்கு ஈடாகக் காட்ட முடியும் என்று நினைத்துச் சேராதீர்கள்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

ஒன்று: இந்தப் பல்கலைக்கழகத்துக்கு, இந்தப் பாடத்துக்கு, இந்த வருடம் தொலைநிலை அனுமதி இருக்கிறதா? பல்கலைக்கழகம் பெரியது என்பதால் எல்லாப் பாடத்துக்கும் அனுமதி இருக்காது. யூஜிசியின் தொலைநிலைக் கல்விப் பணியக இணையதளத்தில் பட்டியல் உள்ளது. சேருவதற்கு 'டி.இ.பி. ஐடி' எண்ணை மாணவரே அங்கு உருவாக்க வேண்டும். அந்த எண்ணே தேவையில்லை என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டு: பணம் யார் கணக்குக்குப் போகிறது? பல்கலைக்கழகத்தின் பெயரில் தனியார் மையங்கள் ஏஜென்சி எடுத்து நடத்த யூஜிசியின் 2020 விதிமுறையில் இடமில்லை. கட்டணம் பல்கலைக்கழகக் கணக்குக்கே நேராகப் போக வேண்டும். ரசீதும் அதன் பெயரில் வர வேண்டும்.

மூன்று: படிப்பு வரிசை சரியா? பிளஸ் டூ, இளங்கலை, முதுகலை என்று வர வேண்டும். இளங்கலை இல்லாமல் திறந்தநிலை வழியாக நேராக வாங்கிய முதுகலை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இலேயே தீர்ப்பளித்துவிட்டது.

நான்கு: உதவித்தொகை கிடைக்குமா? ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு மாநில அரசின் உதவி தனியாக உண்டு. புதுமைப்பெண் ஆயிரம் ரூபாய் இளங்கலையோடு நின்றுவிடும். நீங்கள் தேர்ந்தெடுத்த படிப்புக்கு எது பொருந்தும் என்று மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேளுங்கள். சேர்ந்த பிறகல்ல, சேருவதற்கு முன்பே கேளுங்கள்.

நாம் கேட்க வேண்டியது

தபால் வழியை மூடிய அரசு, நேர் வழியை வீட்டுக்குப் பக்கத்தில் திறக்க வேண்டும். தருமபுரி, அரூர், பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம் என்று மாவட்டத்தில் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. இவற்றில் ஒன்றிலாவது வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலை நேர உளவியல் முதுகலையோ சமூகப்பணி முதுகலையோ நடத்தலாம். பயிற்சிக்குத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் பட்டாவுக்கும் பாதைக்கும் மனு கொடுக்கிறோம். இதற்கும் ஒரு மனு கொடுப்போம். ஊருக்கு பத்து மாணவர்கள் கையெழுத்திட்டாலே கணிசமாகச் சேரும்.

அந்தத் தங்கை பணம் கட்டவில்லை. எம்.ஏ. சமூகவியலுக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னார். "அதுவரைக்கும் அந்தப் புள்ள என்னண்ணா பண்ணும்?" என்று கேட்டார்.

அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் அது. காலனி சாவடியில், விடுதிச் சுவரில், நூலகத்தில் எழுதி வையுங்கள்.