பழைய வால்தருக்கு ஆறு லட்சம் கொடுக்கலாமா?

உடுமலைப்பேட்டை பக்கத்துல இருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். சரவணம்பட்டியில ஐடி வேலை, அப்பா அம்மா இருக்கிறது ஊர்ல தோட்டத்துச் சாளையில. அப்பாவுக்குப் பிஸ்டல் லைசென்ஸ் கிடைச்சிருக்கு. தூரத்துச் சொந்தக்காரர் ஒருத்தர் தன்கிட்ட இருக்கிற வால்தர் பிபி-யைக் கொடுக்கத் தயார். பாயிண்ட் 32, முழு ஸ்டீல், 1960-கள்ல வந்தது. "ஒரிஜினல் ஜெர்மன் மாலுங்க தம்பி"ன்னு சொல்லி ஆறு லட்சம் கேக்கறார். நெட்ல பார்த்தா அமெரிக்காவுல இதே மாடல் பழசு சில நூறு டாலர்ல இருந்து கிடைக்குது. "ஏமாத்தறாருங்களா, நியாயமாத்தான் கேக்கறாருங்களா?" இதுதான் கேள்வி.

துப்பாக்கி எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. 2024 நவம்பர்ல பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்துல ஒரே குடும்பத்துல மூணு பேரைத் தோட்டத்து வீட்டுலயே கொன்னாங்க. 2025-ல சிவகிரி பக்கம் வயசான தம்பதி. அதுக்கப்புறம் தனித்த சாளையில இருக்கிற பெரியவங்களுக்கு ராத்திரி தூக்கம் எப்படி வரும்னு நமக்குத் தெரியும். துப்பாக்கி அந்தப் பயத்துக்குச் சரியான பதிலான்னு நான் இங்க தீர்ப்பு சொல்லப் போறதில்ல. விலையை மட்டும் பார்ப்போம்.

முதல்ல இரும்பு. வால்தர் பிபி முக்கால் கிலோவுக்கும் கொஞ்சம் கம்மி. உக்கடத்துல பழைய இரும்பு விலைக்கு எடை போட்டா ரெண்டு டீ குடிக்கக்கூட பத்தாது. டிசைன் 1929-ல வந்தது, அதனால ரகசியத் தொழில்நுட்பம்னும் ஒண்ணுமில்ல. அப்போ ஆறு லட்சம் எங்கிருந்து வருது?

டெல்லியில இருந்து வருது. 1980-களோட நடுவுல சாதாரண லைசென்ஸ்தாரர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி பண்றதை அரசாங்கம் நிறுத்திடுச்சு. பேர் பெற்ற துப்பாக்கி சுடுதல் வீரர்களுக்கு வழி இருக்கு. கஸ்டம்ஸ் பறிமுதல் பண்ணின வெளிநாட்டுத் துப்பாக்கிகள் எம்.பி.க்களுக்கும் அதிகாரிகளுக்கும் விற்கப்பட்ட கதை தனி, அது ஒரு முழு எபிசோடுக்குத் தாங்கும். நமக்கு வேண்டியது இதுதான்: உங்களையும் என்னையும் மாதிரி ஆளுங்க வாங்கக்கூடிய வெளிநாட்டு பிஸ்டல், பெரும்பாலும் தடைக்கு முன்னாடியே உள்ள வந்தது. தேய்ஞ்சும் துருப்பிடிச்சும் அந்த எண்ணிக்கை குறைஞ்சுட்டே போகுது.

அதுலயும் இன்னொரு வடிகட்டி. 9 எம்.எம்., பாயிண்ட் 45 ரெண்டும் தடை செய்யப்பட்ட போர், அதாவது அந்தத் தோட்டா அளவுகள் சாதாரண லைசென்ஸ்ல வராது, மத்திய அரசு அனுமதி வேணும். மிச்சம் இருக்கிறதுல பிஸ்டல்னா முக்கியமா பாயிண்ட் 32 தான். உலகமே 9 எம்.எம். பக்கம் போயிட்டதால வெளிய பாயிண்ட் 32-க்குப் பெரிய கிராக்கி இல்ல. இங்க மட்டும் அது ராஜா. அதனால அமெரிக்க விலையை வெச்சு பேரம் பேசாதீங்க, அது வேற சந்தை.

லைசென்ஸ் ராஜ் காலத்துல பஜாஜ் ஸ்கூட்டருக்குப் புக் பண்ணிட்டு வருஷக்கணக்கா காத்திருந்தாங்க. அதனால ஓட்டின ஸ்கூட்டர் புதுசை விட அதிக விலைக்குப் போச்சு. வீட்டுல தாத்தாவைக் கேளுங்க, சொல்லுவார். அந்த அதிக விலை ஸ்கூட்டரோடது இல்ல, க்யூவோடது. வண்டிகள் தாராளமா வர ஆரம்பிச்சதும் அது காணாமப் போச்சு.

அந்தக் கண்ணாடியைப் போட்டுட்டு ஆறு லட்சத்தைப் பாருங்க. அதுக்குள்ள ரெண்டு விலை ஒட்டிட்டு இருக்கு. ஒண்ணு கருவியோட விலை. இன்னொண்ணு சட்டத்தோட விலை. முதலாவதைக் கையால தொட்டுச் சோதிக்கலாம். ரெண்டாவதைச் சோதிக்கவே முடியாது, பந்தயம்தான் கட்ட முடியும்.

கருவியோட விலைக்கு அடித்தளம், புதுசா கிடைக்கிற உள்நாட்டுத் துப்பாக்கி. முன்னாடி ஆர்டினன்ஸ் ஃபேக்டரி போர்டுன்னு இருந்ததை 2021 அக்டோபர்ல ஏழு கம்பெனியா பிரிச்சாங்க. சிறு ஆயுதங்கள் கான்பூர்ல தலைமையகம் இருக்கிற ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். கிட்டப் போச்சு. நம்ம திருச்சி ஃபேக்டரியும் அதுக்குள்ளதான். அவங்க பாயிண்ட் 32 பிஸ்டல் 'அஷனி', மேற்கு வங்கத்து இஷாப்பூர்ல செய்யறது. ஒரு அளவுக்குச் சொல்றேன்: 2014-ல பெண்களுக்குன்னு வந்த 'நிர்பீக்' ரிவால்வர், டைட்டானியம் கலவை, 1,22,360 ரூபாய். இன்னைக்கு அஷனியோட விலை வரியோட எவ்வளவுன்னு லைசென்ஸ் உள்ள டீலர்கிட்ட கேட்டு எழுதி வெச்சுக்கோங்க. உங்க கணக்கு அங்கிருந்துதான் ஆரம்பிக்கணும்.

இங்க ஒரு குழப்பம். ரிவால்வரும் பாயிண்ட் 32, பிஸ்டலும் பாயிண்ட் 32. ஆனா தோட்டா வேற. ரிவால்வருக்கு எஸ் அண்ட் டபிள்யூ லாங், பிஸ்டலுக்கு ஏ.சி.பி., அதாவது 7.65 எம்.எம். ஒண்ணை இன்னொண்ணுல போடக் கூடாது. "தோட்டாவும் சேர்த்துத் தர்றேன்"னு யாராவது சொன்னா எந்தத் தோட்டான்னு கேளுங்க. எத்தனை வாங்கலாங்கிறது உங்க லைசென்ஸ்ல எழுதியிருக்கும், அதுக்கு மேல ஒண்ணு கூட இல்ல.

இனி கையால பார்க்கிற வேலை. இதை லைசென்ஸ் உள்ள டீலர் கடையில, விக்கிறவரும் கூட இருக்கும்போது செய்யுங்க. மேகஸினைக் கழட்டி, சேம்பர் காலின்னு ரெண்டு பேர் கண்ணால பார்த்த அப்புறம்தான் மத்ததெல்லாம். பொள்ளாச்சி சந்தையில மாடு வாங்கறவர் பல்லைப் பிடிச்சுப் பார்த்து, சுழி பார்த்து, நடக்க விட்டுப் பார்த்து, அதுக்கப்புறம்தான் துண்டுக்கடியில விரலைப் பிடிப்பார். அதே வரிசைதான்.

பல்லுங்கிறது பேரல். உள்ள லைட் அடிச்சுப் பாருங்க. ஜவ்வரிசி தெளிச்ச மாதிரி குழிகள் இருக்கா, ரைஃப்ளிங் வரிகள் மழுங்கியிருக்கா? பிபி-யில பேரல் ஃப்ரேமோட நிலையா பொருத்தினது, அதுதான் சிக்கல். மத்த பிஸ்டல் மாதிரி உருவி வேற மாட்டற வேலை இல்ல. பேரல் போச்சுன்னா பாதி விலை போச்சுன்னு நான் சொல்லுவேன்.

அடுத்து தோல். பழைய புளூயிங் ஓரங்கள்ல தேய்ஞ்சு வெள்ளி தெரிஞ்சா பயப்படாதீங்க, அது நேர்மையான வயசு. பளபளன்னு புதுசு மாதிரி இருந்தா அங்கதான் சந்தேகம் வரணும். பஃப் போட்டு மறுபடி புளூ பண்ணினா எழுத்துகளோட விளிம்பு மங்கும், கூரான ஓரம் உருண்டிருக்கும், ஸ்க்ரூ ஓட்டை வாய் அகன்ற மாதிரி தெரியும். அழகுக்குன்னு நிக்கல் முலாம் பூசினதும் இதே ரகம்தான், அடியில என்ன துரு இருந்ததோ யாருக்குத் தெரியும். தோல் உறையிலயே வருஷக்கணக்கா வெச்சிருந்தா தோல் ஈரத்தை இழுத்து ஒரு பக்கம் மட்டும் அரிச்சிருக்கும், க்ரிப்பைக் கழட்டி அடியிலயும் பாருங்க. எலெக்ஷன் நேரத்துல ஒப்படைச்சுத் திரும்ப வாங்கினதுக்கு அப்புறம் எண்ணெய் போட்டு வெச்சாரான்னும் கேளுங்க.

முழு ஸ்டீலாங்கிறதுக்கு ஒரு சின்னக் காந்தம் போதும். பிபி, பிபிகே ரெண்டுலயும் அலுமினியக் கலவை ஃப்ரேம் போட்டு வந்தது உண்டு, ஃப்ரேம்ல காந்தம் ஒட்டலைன்னா 'ஸ்டீல்'ங்கிற பேச்சை அங்கயே நிறுத்திக்கலாம். 'ஒரிஜினல் ஜெர்மன்'ங்கிறதும் அவ்வளவு நேரான விஷயம் இல்ல. போருக்கு அப்புறம் 1952-ல இருந்து இந்த மாடலைச் செஞ்சது பிரான்ஸ்ல இருந்த மனுரின் கம்பெனி. பின்னாடி உல்ம் முத்திரையோட வந்த பலதுக்கும் பாகங்கள் அங்கிருந்து போனதுதான். அது தரக்குறைவு இல்ல. ஆனா ஜெர்மன்ங்கிற ஒரு வார்த்தைக்காக ஐம்பதாயிரம் கூடக் கேட்டா இதைச் சொல்லிப் பாருங்க. உல்ம்ல சோதிச்சதுக்கு அடையாளம் ஒரு மான் கொம்பு முத்திரை. பக்கத்துலயே வருஷத்தைக் குறிக்கிற ரெண்டு எண்ணோ எழுத்தோ இருக்கும், வயசு பொய் சொல்ல முடியாது.

அப்புறம் ஸ்பிரிங். இந்தப் பிஸ்டல்ல பூட்டு எதுவும் இல்ல. ஸ்லைடோட எடையும் பேரலைச் சுத்தியிருக்கிற ஸ்பிரிங்கும்தான் வெடிப்பின் வேகத்தைத் தாங்குது. ஸ்பிரிங் தளர்ந்தா ஒவ்வொரு சுடுதலுக்கும் ஸ்லைடு ஃப்ரேம்ல இடிக்கும். ஸ்லைடுல விரிசல் இருக்கான்னு லென்ஸ் வெச்சுப் பாருங்க. மேகஸின் எத்தனை, ஒரிஜினலா? ரெண்டு நல்ல மேகஸின் கூட வந்தா அதுக்குத் தாராளமா விலை ஏத்தலாம், ஏன்னா இங்க அது கிடைக்கிறதே அபூர்வம்.

கோயம்புத்தூர்க்காரன் மனசுல உடனே ஒண்ணு தோணும்: கணபதியில எந்த லேத் பட்டறையிலயும் ஒரு ஃபயரிங் பின் அரை நாள்ல கடைஞ்சிடுவாங்களே? கடைஞ்சிடுவாங்க. ஆனா ஆயுதச் சட்டப்படி ரிப்பேருக்கும் லைசென்ஸ் வேணும். செஞ்ச பட்டறைக்காரரும் மாட்டுவார், கொடுத்த நீங்களும் மாட்டுவீங்க. அதனால இங்க சின்னக் குறைன்னு ஒண்ணு இல்ல. பாகம் கிடைக்காத குறை எல்லாமே பெரிய குறை, விலையில அப்படியே கழிச்சுடுங்க.

காகிதத்துல ஏமாந்தா ரொம்ப வலிக்கும். ஃப்ரேம்ல இருக்கிற நம்பரும் அவர் லைசென்ஸ்ல இருக்கிற நம்பரும் ஒரு எழுத்து விடாம ஒத்துப் போகணும். ஸ்லைடுல நம்பர் இருந்தா அதுவும். லைசென்ஸுக்குத் தேசிய டேட்டாபேஸ்ல யூ.ஐ.என். இருக்கணும். தனியாள் தன் துப்பாக்கியை விக்கணும்னா மாவட்ட நிர்வாகத்துக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுத்துல தெரிவிச்சு 45 நாள் முடியணும். "இன்னைக்கே காசு கொடுத்தா இந்த விலை"ன்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க.

இப்போ சட்டத்தோட விலை. ஒரு பேச்சுக்கு, கருவி ரெண்டு லட்சம்னு வெச்சுக்குவோம். மிச்ச நாலு லட்சம், இறக்குமதித் தடை தொடரும்ங்கிற பந்தயம். நாப்பது வருஷமா தொடருது, உண்மைதான். ஆனா 2019 டிசம்பர்ல வந்த திருத்தம் ஒரு ஆளுக்கு மூணு துப்பாக்கிங்கிறதை ரெண்டாக்கிடுச்சு. மூணாவதை ஒரு வருஷத்துக்குள்ள கை மாத்த வேண்டிய கட்டாயத்துல எத்தனையோ பேர் விக்கிற பக்கம் வந்தாங்க. 2016 விதிகளுக்கு அப்புறம் தனியார் கம்பெனிகளும் உள்ள வர ஆரம்பிச்சுட்டாங்க, உத்தரப்பிரதேசத்துல வெப்லி பேருல பாயிண்ட் 32 ரிவால்வர் செய்யறாங்க. டெல்லியில ஒரு அறிவிப்பு வந்தா இந்த நாலு லட்சம் எந்தப் பக்கமும் நகரலாம். வாங்கறவங்களும் லைசென்ஸ் உள்ளவங்க மட்டும்ங்கிறதால, அவசரத்துக்கு வித்துக் காசாக்கலாம்னும் நினைக்காதீங்க.

அதனால நண்பருக்கு என் பதில்: சொந்தக்காரர் ஏமாத்தலை, சந்தை அப்படித்தான் இருக்கு. ஆனா அப்பாவுக்கு வேண்டியது சாளைப் பாதுகாப்புன்னா, நான் புது அஷனி விலைக்கு மேல கொஞ்சம்தான் ஏறுவேன். மிச்சக் காசுல சுத்தி லைட்டு, கேமரா, நல்ல கேட்டு, ரெண்டு நாட்டு நாய். அப்பாவுக்கு அந்த வால்தர் மேலயே ஆசைன்னா, பேரலும் ஸ்லைடும் சுத்தமா இருந்தா, நாலரை வரைக்கும் போங்க. அந்த நாலரையில பாதி திரும்ப வராமப் போனாலும் அடுத்த போர்வெல்லுக்குக் கை கடிக்காதுன்னா மட்டும்.

இன்னொண்ணு, அவர் கேட்கலை, ஆனா வீட்டுல பேசி வெச்சுக்கோங்க. லைசென்ஸ் அப்பா பேர்ல. அவருக்கு 70 வயசானாலோ, துப்பாக்கி 25 வருஷம் அவர்கிட்ட இருந்தாலோ வாரிசுக்கு மாத்த மனு போடலாம். அதுக்கு முன்னாடி ஏதாவது ஆயிட்டா, பீரோவுல பூட்டி வெச்சு "அப்புறம் பார்த்துக்கலாம்"னு இருக்கக் கூடாது. உடனே ஸ்டேஷன்லயோ டீலர்கிட்டயோ ஒப்படைக்கணும், ரசீது வாங்கணும், அதுக்கப்புறம்தான் வாரிசு மனு.