கணினிக்குள் ஓடும் தாமிரபரணி... அடுத்த வெள்ளம் நம் தெருவுக்கு வருமா என்று சொல்லுமா?

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. தூத்துக்குடி மாவட்ட மக்கள் லேசில் மறந்துவிட மாட்டார்கள். மறுநாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை சுமார் 95 செ.மீ. ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் மழையைவிட அதிகம்! திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. கோரம்பள்ளம் குளம் உடைந்து, தூத்துக்குடி நகருக்குள் தண்ணீர் புகுந்தது.

அன்று இரவு எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான். "தண்ணி நம்ம தெருவுக்கு வருமா? வந்தா எவ்வளவு உயரம் வரும்?"

மழை அறிவிப்பில் இதற்குப் பதில் இருக்காது. வானத்திலிருந்து எவ்வளவு விழும் என்பதைத்தான் அது சொல்லும். விழுந்த தண்ணீர் தரையில் எங்கே போகும் என்று சொல்வது வேறு கணக்கு. அதுதான் 'நீரோட்டக் கணினி மாதிரி'.

பாஸ்புக் கணக்குதான்!

ஆற்றைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு தண்ணீர் வருகிறது, எவ்வளவு போகிறது, மிச்சம் எவ்வளவு? பேங்க் பாஸ்புக் மாதிரி வரவு-செலவுதான். மிச்சம் கூடினால் நீர்மட்டம் உயரும். இதற்கான சமன்பாடுகளை பிரான்ஸைச் சேர்ந்த செயின்ட் வெனான்ட் 1871-லேயே எழுதிவிட்டார். அதை லட்சக்கணக்கான முறை போட்டுப் பார்க்கத்தான் கணினி. அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் உருவாக்கிய 'ஹெக்-ராஸ்' என்ற மென்பொருளை யார் வேண்டுமானாலும் இலவசமாகவே தரவிறக்கலாம்.

அப்புறம் என்ன சிக்கல்? நாம் கொடுக்கும் தகவல் சரியாக இருந்தால்தான் விடையும் சரியாக வரும்.

கருவேலமும் கணக்கில் வரும்

ஆற்றுப் படுகையில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தால் தண்ணீர் மெதுவாகப் போகும். மெதுவாகப் போனால் மட்டம் ஏறும். இதை 'சொரசொரப்பு எண்' என்று மாதிரியில் சேர்க்க வேண்டும். வண்டல் மேடிட்ட குளத்துக்குப் பழைய ஆவணத்தில் இருக்கும் கொள்ளளவைக் கொடுத்தால், கணினி அதையும் நம்பிவிடும்!

தாமிரபரணி ஒற்றை வாய்க்கால் இல்லை. எட்டு அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள், சங்கிலிபோல் குளங்கள். ஒரு குளத்தின் மறுகால், அடுத்த குளத்தின் வரத்து. மேலே ஒன்று உடைந்தால் கீழே இருப்பவையும் ஆபத்தில். கடைசியில் புன்னைக்காயலில் கடல். அங்கே கடல்மட்டம் உயர்ந்திருந்தால், வெள்ளம் வடிவதும் தாமதமாகும்.

இன்னொரு விஷயம், 2023-ல் பேய்மழை கொட்டியது அணைகளுக்கு மேலே மட்டுமில்லை, அணைகளைத் தாண்டிக் கீழே இருக்கும் சமவெளியிலும்தான். அணையில் எவ்வளவு திறந்தார்கள் என்பதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், காயல்பட்டினத்தின் நிலைமை புரியாது. கீழ்ப்பகுதி ஊர்களின் மழை அளவும் உடனுக்குடன் கணினிக்குப் போக வேண்டும்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக்கு 'சி-ஃப்ளோஸ்' என்ற எச்சரிக்கை அமைப்பை தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் உருவாக்கியது. பலவிதமான வெள்ளச் சூழல்களை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு, மழை வரும்போது பொருத்தமானதை எடுப்பது அதன் வழி.

தண்ணீரில் என்ன இருக்கிறது?

ஓட்டம் தெரிந்தால், அதில் கலந்தது எங்கே போகும் என்றும் சொல்லலாம். சாக்கடை கலந்தால் ஆற்றில் ஆக்ஸிஜன் எவ்வளவு குறையும், எத்தனை தூரம் தாண்டித் தேறும் என்பதை அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றை வைத்து ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ் என்ற இருவர் 1925-லேயே கணக்கிட்டார்கள். தாமிரபரணித் தண்ணீரைக் குடிக்கும் நமக்கு இது முக்கியமான கணக்கு. கடலிலும் இதே முறைதான். 2017-ல் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, அது எந்தப் பக்கம் நகரும் என்று ஹைதராபாத்தில் இருக்கும் 'இன்காய்ஸ்' நிறுவனம் கணித்தது. பவளத்திட்டுகளும் முத்துப்பார்களும் இருக்கும் மன்னார் வளைகுடாவில் கப்பல் போக்குவரத்தும் உண்டு. இங்கும் இந்தக் கணக்கு கைவசம் இருப்பது நல்லது.

உங்கள் சுவரும் ஒரு சாட்சி

மாதிரி சரியா, தப்பா என்று எப்படிச் சோதிப்பார்கள்? 2023 மழையைக் கணினியில் மறுபடி 'பெய்ய' விடுவார்கள். உங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் என்று கணினி சொல்கிறது, உங்கள் வீட்டுச் சுவரில் கறை மார்பு உயரத்தில் இருக்கிறது என்றால், திருத்த வேண்டியது கணினியைத்தான்.

அதனால், அந்தக் கறை இன்னும் இருந்தால், வெள்ளையடிக்கும் முன் ஒரு நிமிஷம் ஒதுக்குங்கள். தெருமட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்து, போட்டோ எடுங்கள். தண்ணீர் எந்த நேரத்தில் ஏறியது, எப்போது வடிந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். கணக்கெடுக்க யாராவது வந்தால் எடுத்துக் கொடுங்கள். அடுத்த முறை "தண்ணி வருமா?" என்று யாராவது கேட்கும்போது, பதில் சொல்ல அந்த ஒரு கோடும் உதவும்.