வாயிலில் நின்றுவிட்ட கொழுப்பு

நம் உடலின் உயிரணு ஒவ்வொன்றையும் மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியுள்ளது. ஆக்சிஜன் போன்ற சிறு மூலக்கூறுகள் அதனூடே எளிதில் நுழைந்துவிடும். பெரிய பொருள்கள் எங்ஙனம் நுழையும்? சவ்வே குழிந்து, பொருளை உள்ளடக்கி, குமிழாகப் பிரிந்து உட்செல்கிறது.

இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து வரும் எல்.டி.எல். துகளைப் பார்ப்போம். அதனைப் பற்றும் ஏற்பிகள் சவ்வின்மேல் உண்டு. கிளாத்ரின் என்னும் புரதம் உட்புறம் கூடைபோல் பின்னியுள்ள குழிகளில் அவை கூடுகின்றன. குழி குமிழாகிறது. குமிழினுள் அமிலத்தன்மை மிகுந்ததும் துகள் கழன்று லைசோசோமை அடைந்து செரிக்கப்படுகிறது. ஏற்பியோ மீண்டும் சவ்வுக்கே திரும்புகிறது. ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒரு நடை! நம் நகரப் பேருந்துகளிடம் இவ்வொழுங்கை எதிர்பார்க்க இயலாது.

பற்றினால் மட்டும் போதுமா? 1985இல் நோபல் பரிசு பெற்ற பிரௌன், கோல்ட்ஸ்டீன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் ஒரு நோயாளியின் உயிரணுக்களை ஆய்ந்தனர். ஏற்பிகள் துகளைச் சரியாகவே பற்றின. ஆனால் குழிகளில் கூடாமல் சவ்வெங்கும் சிதறிக் கிடந்தன. கொலஸ்ட்ரால் உள்ளே புகாமல் இரத்தத்திலேயே தேங்கியது. காரணம் 1986இல் வெளியாயிற்று. 839 அமினோ அமிலங்கள் கொண்ட ஏற்பியில், சவ்வுக்கு உட்புறம் நீளும் வாலில், டைரோசின் இருக்க வேண்டிய ஓரிடத்தில் சிஸ்டீன் இருந்தது. பிழை அவ்வளவே!

தாய்வழி, தந்தைவழி மரபணுக்கள் இரண்டும் இவ்வாறு பழுதானால் குழந்தைப் பருவத்திலேயே மாரடைப்பு நேரக்கூடும். ஒன்று மட்டும் பழுதானவர்க்கு ஸ்டாட்டின் மருந்துகள் உதவுகின்றன. அவை கல்லீரல் உயிரணுவின் சொந்தக் கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைக்கின்றன. தட்டுப்பாடு கண்ட உயிரணு, நல்ல மரபணுவைக் கொண்டு கூடுதல் ஏற்பிகளைச் செய்து வாயிலுக்கு அனுப்புகிறது.