கணினி படிக்கும் விண்ணப்பம்

வேலப்பன்சாவடியைச் சேர்ந்த வணிகவியல் இறுதியாண்டு மாணவர் ஒருவர் தம் தன்விவரக் குறிப்பை நம்மிடம் காட்டினார். இரு பத்திகள், வண்ணக் கட்டங்கள், புகைப்படம். திருமண அழைப்பிதழே தோற்றுவிடும்! பல நிறுவனங்களுக்கு அனுப்பியும் பதிலில்லை. கல்விக் கட்டணத்துக்காகத் தாயாரின் நகையோ அடகில் இருக்கிறது.

1964இல் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் நம் தந்தையர் சான்றிதழும் கையுமாய் வாயிலில் நின்று வேலை கேட்டனர். இன்றோ பெரிய நிறுவனங்கள் பலவற்றில் விண்ணப்பங்களை முதலில் தரம் பிரிப்பது கணினி மென்பொருளே. இரு பத்திகளையும் கட்டங்களையும் அது குழப்பி வாசிப்பதுண்டு. படமாக ஒட்டிய எழுத்தைக் காணாமலே விடுவதுமுண்டு. ஆதலின் ஒரே பத்தியும் வழக்கமான தலைப்புகளும் போதும். விளம்பரம் கேட்கும் திறன் நம்மிடம் இருப்பின் அதே சொல்லால் எழுதுதல் நன்று. இல்லாததை எழுதினால் மென்பொருள் ஏமாறலாம். நேர்முகத் தேர்வாளர் ஏமாறார்.

விடுமுறைதோறும் மாமாவின் லேத் பட்டறைக்கு இவர் டாலியில் கணக்கெழுதி, ஜி.எஸ்.டி. விவரங்களையும் தயாரித்து வந்திருக்கிறார். குறிப்பில் அதைப்பற்றி ஒரு வரியும் இல்லை! “அது வீட்டு வேலைதானே, ஃபாதர்!” என்றார். அதையே முதலில் எழுதச் செய்தோம்: எத்தனை மாதங்கள், மாதத்துக்கு எத்தனை பட்டியல்கள் என எண்ணிக்கையோடு. தாள் ஒன்றாயிற்று. புகைப்படத்தை எடுத்துவிட்டதில்தான் தாயாருக்கு வருத்தம்.