ஊனோ ஆடுவதற்கு ஒரு பட்டப்படிப்பு!

அமெரிக்காவில் பல மறுவாழ்வு மருத்துவமனைகளில் ஓர் அலமாரி உண்டு. திறந்தால் மருந்து நெடியே வராது! பெரிய எழுத்துச் சீட்டுக்கட்டு, உள்ளே மணி கிலுங்கும் பந்து, ஒற்றைக் கையால் சுற்றும் தூண்டில், சீட்டுகளைச் செருகி நிறுத்தும் மரத் தாங்கி... எதை முதலில் எடுப்பது என்று கை பரபரக்கும். இத்தனைக்கும் பொறுப்பாளர், பொழுதுபோக்குச் சிகிச்சையாளர். ஆமாம், நோயாளிகளை விளையாட வைப்பதுதான் அவருடைய உத்தியோகம்!

பக்கவாதம் வந்த ஒருவரோடு அவர் ஊனோ என்ற சீட்டாட்டம் ஆடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மூளையின் வலப்பக்கம் பாதித்தால், சிலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மனதில் பதியாது. கண் தெரியும், ஆனாலும் தட்டின் இடது பாதியில் சாப்பாடு அப்படியே கிடக்கும். சிகிச்சையாளர் என்ன செய்கிறார் தெரியுமா? மேசையின் இடது ஓரத்தில் பளிச்சென்று ஒரு சிவப்பு டேப்பை ஒட்டுகிறார். சீட்டு எடுக்கும் கட்டை அதற்குப் பக்கத்தில் வைக்கிறார். ஜெயித்தே தீர வேண்டும் என்ற வேகத்தில் மனிதர் இடப்பக்கம் தலையைத் திருப்புகிறார், திரும்பத் திரும்பத் திருப்புகிறார்! நின்றுகொண்டே ஆடினால் காலுக்கும் பயிற்சி. சிரிப்பும் கூச்சலும் அடங்கியதும் குறிப்பேடு வெளியே வருகிறது: எத்தனை நிமிடம் நின்றார், எத்தனை தடவை நினைவூட்ட வேண்டியிருந்தது. எல்லாம் கணக்கு!

இந்த வேலைக்குச் சான்றிதழ் தரும் தேசியக் குழு 1981-ல் அமைந்தது. பட்டம் படிக்க வேண்டும், பயிற்சிக் காலம் குறைந்தது 14 வாரம், 560 மணி நேரம், பிறகு தேர்வு.

வார்டில் சில ஆண்டுகள் கழித்தபின் கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போகிறவர்களும் உண்டு. அங்கேதான் கொண்டாட்டம்! ஊனோ ஆட என்னென்ன வேண்டும் என்று மாணவர்களைக் கேட்பார்கள். நிறம் பிரித்தறிய வேண்டும், விரலில் பிடிமானம் வேண்டும், முறை வரும்வரை பொறுமை வேண்டும், தோற்றால் தாங்கிக்கொள்ள வேண்டும்... பலகை நிறைந்துவிடும். "சரி, உங்கள் நோயாளிக்கு ஒரு கைதான் இயங்கும். இப்போது ஆட்டத்தை மாற்றுங்கள்!" வகுப்பே எழுந்து நிற்கும். சுலபமான ஆட்டமாகக் கொடுத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். ஆசிரியர் உடனே மறுப்பார். 'என்னைக் குழந்தையாக்குகிறாயா?' என்று சீட்டை வீசும் நோயாளியை அவர் வார்டில் நேரில் பார்த்தவர். எவ்வளவு கடினம் சரியாக இருக்கும் என்பதைப் புத்தகம் மட்டும் படித்தவர் சொல்லித்தர முடியாது என்றே நினைக்கிறேன்.

அமெரிக்காவில் உங்கள் உறவினர் யாராவது சிகிச்சையில் இருந்தால், இந்தச் சிகிச்சையாளர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அப்பாவுக்குக் கேரம் பிடிக்குமா, அம்மாவுக்குப் பல்லாங்குழியா, மறக்காமல் சொல்லிவிடுங்கள். அவர் முதலில் கேட்கப்போவதே அதைத்தான்!