வீட்டுச் சினிமாவுக்கு மலிவுத் திரை

பெங்களூரில் ஒற்றை அறையில் குடியிருக்கும் நம்மவர்கள் சிலரும் புரொஜக்டர் வாங்குகிறார்கள். திரைக்கும் செலவழித்தால், ஊருக்கு அனுப்பும் பணத்தில் கை வைக்க வேண்டிவரும். திரையை நாமே செய்துகொள்ளலாம்.

வேட்டி உதவாது. வெளிச்சம் ஊடுருவிப் படம் மங்கும். ஜன்னல் திரைக்கு உள்ளே வைத்துத் தைக்கும், வெயில் புகாத வெள்ளைத் துணியே ஏற்றது. பளபளப்பு கூடாது.

அளவு என்ன?

மூலைக்கு மூலை 80 அங்குலப் படத்துக்கு அகலம் 70, உயரம் 39 அங்குலம். ரீப்பர் சட்டம் 74-க்கு 43 அங்குலம் இருக்கட்டும். 54 அங்குலப் பன்னாவில் 2¼ மீட்டர் துணி போதும். நடுவிலிருந்து மூலைகளை நோக்கி இழுத்து ஆணி அடித்தால் சுருக்கம் விழாது. ஓரங்களில் 2 அங்குலக் கறுப்பு வெல்வெட் ஒட்டுங்கள்; படம் எடுப்பாகத் தெரியும்.

சுவருக்கு வெள்ளையடித்தால் லாபம் வீட்டுக்காரருக்கு. திரையோ, வீடு மாறும்போது நம்மோடு வரும்!