தைப்பிங் நினைவுச் சின்னங்கள்: பெயர் உள்ள கல்லும் பெயர் இல்லாத கல்லும்

தைப்பிங் – பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம்மவர்களில் பலர் குடும்பத்தோடு மலாக்காவுக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். டச்சுக்காரர்கள் கட்டிய சிவப்புக் கட்டடத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டால்தான் சரித்திரம் பார்த்த நிறைவு. தைப்பிங் என்றாலோ ஏரிப் பூங்கா, விலங்குத் தோட்டம், விடாத மழை, அதோடு சரி.

குதிரை மேல் அமர்ந்த தளபதியின் சிலையை எதிர்பார்த்து இங்கு வந்தால் ஏமாற்றம்தான். இந்த ஊரின் நினைவுச் சின்னங்கள் அடக்கமானவை: ஒரு மணிக்கூண்டு, ஒரு கோட்டை, ஒரு மயானம், ஒரு ரயில் நிலையப் பெயர்ப் பலகை. அவற்றில் யாருடைய பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது, யாருடைய பெயர் விடுபட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தால் ஒரு நாள் போதாது.

ஊரின் பெயரே ஒரு நினைவுச் சின்னம்தான். கிளியான் பாவ் என்று அழைக்கப்பட்ட இந்த ஈய லம்பப் பகுதியில் கீ ஹின், ஹாய் சான் என்ற இரு சீனச் சங்கங்கள் 1861 முதல் மோதிக்கொண்டன. 1874 ஜனவரி 20-ஆம் தேதி கையெழுத்தான பங்கோர் உடன்படிக்கைக்குப் பிறகே சண்டை ஓய்ந்தது. அதன் பிறகு வைக்கப்பட்ட பெயர்தான் தைப்பிங். சீன மொழியில் 'பேரமைதி' என்று பொருள். 1937-இல் தலைநகரம் ஈப்போவுக்கு மாறும்வரை பேராக் மாநிலம் இங்கிருந்துதான் ஆளப்பட்டது.

ஜாலான் கோத்தாவில் உள்ள பழைய மணிக்கூண்டிலிருந்து தொடங்கலாம். 1881-இல் மரத்தால் கட்டப்பட்டு, 1890-இல் செங்கல்லால் மீண்டும் எழுப்பப்பட்டது. ஒரு காலத்தில் போலீஸ் நிலையமாகவும் தீயணைப்பு நிலையமாகவும் இருந்தது. பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

அரும்பொருளகத்திற்குத்தான் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். 1883-இல் தொடங்கப்பட்ட பேராக் அரும்பொருளகம் நாட்டிலேயே பழமையானது. எதிரிலேயே 1879-இல் கட்டப்பட்ட சிறைச்சாலை. அதை வெளியிலிருந்து பார்த்தால் போதும். இந்த அரும்பொருளகத்தில் பணியாற்றிய ஐவர் எவன்ஸ் என்ற ஆய்வாளர், தைப்பிங்கை அடுத்த கடலோரச் சதுப்பு நிலமான கோலா செலின்சிங்கில் அகழாய்வு செய்தார். அங்கு கிடைத்த பொருள்களில் இரண்டு நமக்கு முக்கியமானவை. ஒன்று, கருடன் மீது திருமால் அமர்ந்திருக்கும் உருவம் பொறித்த தங்க மோதிரம். மற்றொன்று, ஸ்ரீ விஷ்ணுவர்மன் என்ற பெயர் பொறித்த சிறிய சிவப்புக் கல் முத்திரை. எழுத்து தென்னிந்திய வகை, மொழி சமஸ்கிருதம். இதை வைத்துக்கொண்டு 'தமிழன் ஆண்ட பூமி' என்று முழங்கிவிட முடியாது. சிலர் முழங்கத்தான் செய்கிறார்கள். ஆனால், வெள்ளைக்காரத் துரைகள் கப்பலில் ஆள் சேர்த்துக் கொண்டுவருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தென்னிந்தியத் தொடர்பு இந்தக் கரையைத் தொட்டிருக்கிறது என்பதற்கு விரல் நுனி அளவுள்ள அந்தக் கல் சாட்சி.

அங்கிருந்து ஏரிப் பூங்கா பக்கம்தான். ஈயம் எடுத்து முடித்துக் கைவிடப்பட்ட லம்பக் குட்டைகளே இன்றைய ஏரிகள். 1880-களில் பொதுப் பூங்காவாக மாற்றப்பட்ட இடம் இது. சாலையைக் கடந்து தண்ணீர் மீது கைநீட்டிக் குனிந்து நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களை எல்லாரும் படம் எடுக்கிறார்கள்; எடுக்கட்டும்.

அதே சாலையில் புக்கிட் லாருட் அடிவாரத்தை நோக்கிப் போனால் தைப்பிங் போர் மயானம் வரும். பலர் மலையேறும் அவசரத்தில் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இறங்கிப் பார்க்க வேண்டிய இடம். சாலை இதை இரண்டாகப் பிரிக்கிறது: ஒரு பக்கம் கிறிஸ்துவ வீரர்கள், மறுபக்கம் கிறிஸ்துவரல்லாத இந்தியப் படையினரும் கூர்க்காக்களும்.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை வடக்கிலிருந்து இறங்கியபோது அதைத் தடுக்க நிறுத்தப்பட்டது 11-ஆவது இந்தியப் படைப் பிரிவு. ஜித்ராவில் தோற்று, கம்பாரில் சில நாள் தாக்குப்பிடித்து, சிலிம் ரிவரில் சிதறியது அந்தப் படை. போர் முடிந்த பிறகு, போர்க்களங்களிலும் கிராமங்களிலும் ஆங்காங்கே புதைக்கப்பட்டிருந்த உடல்களை எடுத்து வந்து இங்கு அடக்கம் செய்தார்கள். 850-க்கும் மேற்பட்ட வீரர்களின் கல்லறைகளும் நினைவுக் கற்களும் இங்குள்ளன. அவர்களில் 500-க்கும் மேற்பட்டவர்கள் யார் என்று தெரியாது. பாதிக்கு மேல் பெயரில்லாத கற்கள்.

ஆனாலும் பெயர் தெரியாதவருக்கும் ஒரு கல் உண்டு. அதைச் சுற்றிப் புல் வெட்டப்படுகிறது, பூச்செடி நடப்படுகிறது. காமன்வெல்த் போர் மயான ஆணையம் உலகம் முழுவதும் பின்பற்றும் முறை இது. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல்.

இதைப் பார்க்கும்போது சயாம் மரண ரயில் நினைவுக்கு வராமல் போகாது. ஜப்பானியர் ஆட்சியில், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம்–பர்மா எல்லைக் காட்டுக்கு வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அங்கு இறந்த போர்க் கைதிகளுக்காகக் காஞ்சனபுரியில் அமைக்கப்பட்ட மயானத்தில் ஏறக்குறைய 7,000 கற்கள் வரிசையாக நிற்கின்றன. தோட்டத்துக்காரர்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் இல்லை. அவர்கள் சிப்பாய்கள் அல்லர், கூலிகள். எந்தப் படையின் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இல்லை. 'தாத்தா சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை' என்ற ஒரு வரியோடு எத்தனையோ குடும்பக் கதைகள் நின்றுபோனதற்குக் காரணம் இதுதான்.

மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மேற்கே மாத்தாங் சாலையைப் பிடிக்கலாம். வழியில் வருவது ஙா இப்ராஹிம் கோட்டை. லாருட் பகுதியை நிர்வகித்த மலாய்ப் பிரபு அவர். பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஜே.டபிள்யூ.டபிள்யூ. பர்ச் 1875 நவம்பர் 2-ஆம் தேதி பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அந்த வழக்கு விசாரிக்கப்பட்டது இந்தக் கோட்டையில்தான். மகாராஜா லேலாவும் உடனிருந்தவர்களும் 1877 ஜனவரி 20-ஆம் தேதி மாத்தாங்கில் தூக்கிலிடப்பட்டார்கள். ஙா இப்ராஹிமைச் சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். பர்ச்சுக்கு ஈப்போவில் 1909-இல் மணிக்கூண்டு எழுப்பி மார்பளவுச் சிலையும் வைத்தார்கள். எதிர்த்தவர்களின் பக்கத்துக் கதையைக் கேட்க மாத்தாங்குக்குத்தான் வரவேண்டும். கோட்டை இன்று அரும்பொருளகமாகியிருக்கிறது.

அதே சாலையின் முடிவில் கோலா செப்பெத்தாங். முன்பு ஆங்கிலேய ஆளுநர் வெல்டின் பெயரால் போர்ட் வெல்ட் என்று அழைக்கப்பட்ட மீனவர் ஊர். மலாயாவின் முதல் ரயில் பாதை தைப்பிங்கிலிருந்து இந்தத் துறைமுகத்திற்குத்தான் போடப்பட்டது. நீளம் சுமார் 13 கிலோமீட்டர். 1885 ஜூன் 1-ஆம் தேதி முதல் ரயில் ஓடியது. தைப்பிங்கில் அன்றைய ரயில் நிலையம் இருந்த இடத்தில் இன்று கிங் எட்வர்ட் VII பள்ளி நிற்கிறது.

சதுப்பு நிலத்தை நிரப்பித் தண்டவாளம் போட்டவர்கள் யார்? இலங்கையில் சாலை போடவும் பாலம் கட்டவும் வைத்திருந்த பயனியர் படையை ஆங்கிலேயர்கள் இங்கு கொண்டுவந்தார்கள். அதில் பெரும்பாலோர் தமிழர்கள். ரயில் ஓடத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்தவர்கள் நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் வந்தார்கள். தண்டவாளத்தைப் பராமரிக்கத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். ஒரே ரயிலில் மேசைத் தமிழரும் மண்வெட்டித் தமிழரும் வேலை பார்த்தார்கள்; இருவருக்கும் இடையே இருந்த தூரம் 13 கிலோமீட்டரை விட அதிகம் என்று பழைய ரயில்வே குடும்பங்களுக்குத் தெரியும்.

அந்தப் பாதை இப்போது இல்லை. எஞ்சியிருப்பவை கடைகளுக்கு நடுவே ஒரு டிக்கெட் முகப்பும் நிலையத்தின் பெயர்ப் பலகையும். பலகையில் ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என நான்கு மொழிகள். மீன் சாப்பிடவும் மின்மினிப் பூச்சி பார்க்கவும் வருகிறவர்கள் இதன் முன் நின்று ஒரு படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்தத் தமிழ் வரி யாருக்காக எழுதப்பட்டது என்று பிள்ளைகளிடம் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பெரிய சிலை ஒன்று வைத்திருந்தாலும் அது அன்றைய ஏதாவது ஒரு துரையின் சிலையாகத்தான் இருந்திருக்கும். பலகையில் இருப்பது வெள்ளைக்கார ஆளுநரின் பெயர்தான். ஆனால் அதைத் தமிழில் படிக்க ஆள் இருந்ததால்தான் தமிழிலும் எழுதினார்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க நினைப்பவர்கள் காலையில் மயானத்திலிருந்து தொடங்குவது நல்லது. தீபகற்பத்திலேயே அதிக மழை பெய்யும் ஊர்களில் ஒன்று தைப்பிங். மழை எத்தனை மணிக்கு வரும் என்று பந்தயம் கட்டும் பழக்கமே ஒரு காலத்தில் இங்கு இருந்தது. பெரும்பாலும் பிற்பகல் என்று சொன்னவர்களே ஜெயித்திருப்பார்கள். குடை அவசியம். இ.டி.எஸ். ரயிலில் வருபவர்கள் நிலையத்திலிருந்து நகரைச் சுற்றிவிடலாம். மாத்தாங்குக்கும் கோலா செப்பெத்தாங்குக்கும் வாகனம் வேண்டும். அரும்பொருளகங்கள் திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சொந்த வாகனத்தில் தெற்கே திரும்புபவர்களுக்கு இன்னும் ஒரு நிறுத்தம். கோலா கங்சாரில் மாவட்ட அலுவலகத்திற்கு அருகே ஒரு முதிர்ந்த ரப்பர் மரம் நிற்கிறது. 1877-இல் ஹியூ லோ ரெசிடெண்டாக இருந்தபோது இந்த ஊரில் நடப்பட்ட ஒன்பது கன்றுகளில் ஒன்று என்று சொல்லி அதைப் பாதுகாத்து வருகிறார்கள். பால்மரம் வெட்டிய பாட்டி இன்னும் வீட்டில் இருந்தால், அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.